முதல் வீடும் கடைசி வீடும்

காலை பதினொன்று ஐந்து. இருபத்துநான்கு கேபிள்களில் இரண்டுக்குத்தான் பச்சை விளக்கு எரிந்தது. மரிய ஜெசிந்தா, மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த அறையின் தரையில், உடைந்த சக்கர நாற்காலிகளுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே, பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். மற்ற இருபத்திரண்டும் ஆரஞ்சு. ஆரஞ்சு என்றால் கதவு சாத்திக்கொண்டது என்று அர்த்தம், நேற்று முதலாளி தணிகாசலம் சார் அப்படித்தான் சொன்னார், ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு ஆள், அதாவது ஒரு மிஷின், வேறு ஆள் வந்தால் சாத்திக்கொள்ளும், சாத்தினது தானாகத் திறக்காது, பெட்டியை அணைத்துப் போட்டால்தான் திறக்கும். அவர் போர்ட் என்பதை ஜெசிந்தா மனசுக்குள் ஓட்டை என்றுதான் சொல்லிக்கொள்வாள். ஸ்விட்ச் என்று அவர்கள் பேர் வைத்திருந்த அந்தத் தகரப்பெட்டிக்கும் விளக்குப் போடும் ஸ்விட்சுக்கும் சம்பந்தமில்லை என்பதே அவளுக்குப் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. நாலு மாடிக் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் போர்டு, மருந்து கவுண்டர், டாக்டர்களின் கம்ப்யூட்டர், விழித்திரையைப் படம் எடுக்கும் மிஷின், கேமராக்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசுவதென்றால் இந்தப் பெட்டிக்கு வந்துதான் பேச வேண்டும். மேல் வரிசையில் பன்னிரண்டு ஓட்டை, கீழ் வரிசையில் பன்னிரண்டு. பழைய பெட்டியின் விசிறி நின்றுபோய்ச் சூடேறி அடிக்கடி மயங்கி விழுந்ததால் புதுப்பெட்டி. போன மாதம் ஒரு நோயாளியோடு வந்தவர் சுவரில் இருந்த கேபிளைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் செருகிப் படம் பார்த்துக்கொண்டிருந்தாராம், அதனால் புதுப்பெட்டியில் இந்தக் கதவு சாத்தும் ஏற்பாடு. எல்லாம் சரி. படமும் எடுத்தாள். கழற்றும் முன் படம் எடு, படத்தில் இருக்கிறபடியே மாட்டு, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்பதுதான் அவர்கள் கம்பெனி வழக்கம். மேல் வரிசையில் மூன்றாவதாக இருந்த நீலத்தை மேல் வரிசையில் மூன்றாவதாக. கீழ் வரிசையில் ஐந்தாவதாக இருந்த சாம்பலைக் கீழ் வரிசையில் ஐந்தாவதாக. அப்படியேதான் செய்தாள். பிறகு இந்த ஆரஞ்சு ஏன், இத்தனை ஆரஞ்சு ஏன், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குத் தொங்கவிட்ட சீரியல் பல்பு மாதிரி, அதுவாவது அணைந்து அணைந்து எரியும், இது வைத்த கண் வாங்காமல் முறைக்கிறது.

திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை காலை பையோட வா, இல்லன்னா பையைக் கொடுத்துட்டுப் போ, ரெண்டுல ஒண்ணு, என்று இஸ்மாயில் பாய் சொல்லியிருந்தார். ஒன்பது வருஷம் அவருடைய கூரியர் ஆபீசில் வடசென்னைத் தெருக்களில் பார்சல் சுமந்த பை, இப்போது அவள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஒரு மாதமாகத் தணிகாசலத்திடம் கேபிள் இழுக்கும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாலும் பையைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, வலது முழங்கால்தான் கொடு கொடு என்றது. ஒவ்வொரு மாடியும் இறங்கும்போது அது உள்ளுக்குள் நறநறவென்று எதையோ மெல்லும். இன்றைக்கு சார் முதல் தடவையாகத் தனியாக ஒரு பெட்டியை மாற்றச் சொல்லி அனுப்பியிருந்தார். முடித்தால் இனிமேல் பெட்டி வேலை உனக்கு, உட்கார்ந்து செய்யும் வேலை, முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன், அதற்காக என்னைத் திட்டாதே என்று நேராகவே சொன்னார். அதில் அவளுக்கு வருத்தமில்லை. முடியாவிட்டால் பை. பை என்றால் படி. படி என்றால் நறநற.

போன் செய்தாள். அவர் திருவொற்றியூர்ப் பக்கம் ஏதோ ஒரு கோடவுனில் ஏணி மேல் இருந்தார். பின்னால் யாரோ துளைபோடும் சத்தம். படத்தில் இருக்கிற மாதிரியேதான் போட்டாயா என்று கேட்டார். அப்படியேதான் சார். ஒண்ணுகூட மாறலையே? மாறலை சார். பிறகு, அப்படியென்றால் எந்தப் போர்ட்டுக்கு எந்த மிஷின் என்று நேற்று ஆபீசில் நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் பெட்டியில் ஏறவில்லை போலிருக்கிறது, எல்லாமே கெட்டிருக்கிறது, பதினொன்றரைக்கு டாக்டர்கள் டீ முடித்துவிட்டு நோயாளிகளைப் பார்க்க ஆரம்பிப்பார்கள், பழையதையே திருப்பி மாட்டிவிடு, திங்கட்கிழமை நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கடையை மூடும்போது ஷட்டரை இழுப்பதுபோல் சொன்னார். எல்லாமே கெட்டிருக்கிறது. ஆனால் எல்லாமே கெடவில்லையே சார், ரெண்டு எரியுதே, என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் ஏணியில் இருந்தவர் போனை வைத்துவிட்டார். ரெண்டு எரியுதே. முதலாவது ஓட்டை, மேல் வரிசையில் இடது ஓரம். கடைசி ஓட்டை, கீழ் வரிசையில் வலது ஓரம். முதலாவதில் ஆஸ்பத்திரி வாசல் கேமரா, கடைசியில் மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் கேமரா. ஆக இந்த நிமிஷம் இந்த ஆஸ்பத்திரிக்கு வாசலும் தண்ணீர் டேங்க்கும்தான் தெரிகின்றன, நடுவில் இருக்கும் நாலு மாடியும் குருடு.

கதவு திறந்தது. ரிசப்ஷனில் இருக்கும் ஃபர்ஹானா, தலையில் சுற்றிய துப்பட்டாவை ஒரு கையால் சரிசெய்துகொண்டே எட்டிப் பார்த்தாள். "அக்கா, வெளிய நாப்பது பேர் கண்ணுல சொட்டு மருந்து ஊத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒருத்தருக்கும் என் மூஞ்சி சரியாத் தெரியல, அதனாலதான் இன்னும் உயிரோட இருக்கேன்" என்றாள். ஜெசிந்தா இதோ ஆயிற்று என்றாள். அந்தப் பொய் அவள் காதுக்கே நிஜம்போலக் கேட்டது. ஒரு பெரியவர் டோக்கன் போர்டைப் பார்த்துக்கொண்டே அது கருப்பாக இருக்கிறதா, தன் கண்தான் போய்விட்டதா என்று மூன்று தடவை கேட்டுவிட்டார் என்றும், இரண்டாவது தடவையே உங்கள் கண் நன்றாக இருக்கிறது, போர்டுதான் போய்விட்டது என்று சொல்லியும் நம்பவில்லை என்றும் ஃபர்ஹானா சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. இதுவும் சாத்திக்கொண்டது. சொட்டு மருந்தின் வாசனையும் பினாயில் வாசனையும் அவளோடு உள்ளே வந்து, அவள் போன பிறகும் நின்றன.

பழைய பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடு ஆறவில்லை, அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம்போல் தொடையைச் சுட்டது. திருப்பி மாட்டு என்றார், மாட்டிவிடலாம், பத்து நிமிஷ வேலை, படம் கையில் இருக்கிறது, படத்தில் இருக்கிறபடியே, மூன்றாவது நீலம் மூன்றாவதில், பிறகு திங்கட்கிழமை, பிறகு பை. பெட்டியின் கனம் ஒரு பார்சலின் கனம். இரண்டரைக் கிலோ இருக்கும், கை பார்த்தே சொல்லிவிடும், கைக்குத் தராசு தேவையில்லை, இரண்டரைக் கிலோ என்றால் மிக்ஸி ஜார், அல்லது பிள்ளைகள் படிக்கும் தடிப்புத்தகம் இரண்டு. இதற்கு விலாசம் எங்கே. ரெண்டு எரியுதே. ஒன்றும் இருபத்துநான்கும். கெட்டது என்றால் எல்லாம் கெட வேண்டும், அல்லது கண்ட இடத்தில் கெட வேண்டும், ஏழாவது, பதினொன்றாவது, இப்படி. முதலும் கடைசியும் மட்டும் பிழைத்தால் அது கெட்டதல்ல, வேறு ஏதோ. முதலும் கடைசியும். எங்கேயோ இதைப் பார்த்திருக்கிறாள். மூளைக்குள் இல்லை, காலில் இருக்கிறது அது, முழங்காலில். முதல் வீடும் கடைசி வீடும். முதல் வீடு மாவு மில், கடைசி வீடு செல்வநாயகி டீச்சர். அவ்வளவுதான் வந்தது, அதற்குமேல் வரவில்லை, தும்மல் வருவதுபோல் வந்து மூக்கு நுனியில் நின்றது. மாவு மில் ஏன். மாவு மில் எத்திராஜுலு ஏன் இப்போது பனியன் முழுக்க மாவோடு வந்து நிற்கிறார், அவர் என்ன சொல்வார், எப்போதும் ஒன்று சொல்லிச் சிரிப்பாரே, "இந்தத் தெருவுலயே நம்பர் போர்டு மாத்துற செலவு இல்லாத ஆளுங்க ரெண்டு பேரு, நானும் டீச்சரம்மாவும்."

போர்டு. அங்கமுத்து மேஸ்திரி தெரு, இந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு, அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு, மாநகராட்சிக்காரர்கள் வந்து எண்ணை மாற்றிவிட்டுப் போன தெரு, எல்லா வீட்டு வாசலிலும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு வரி எழுதியிருக்கும், கூரியர்க்காரியின் உயிரை எடுக்கும் இரண்டு வரி. முன்காலத்தில் எண் போட்டவன் இடது பக்கமாக ஒன்று இரண்டு மூன்று என்று பன்னிரண்டு வரை போயிருக்கிறான், பிறகு வெறுங்கையோடு தெருமுனைக்குத் திரும்பி வந்து, வலது பக்கமாகப் பதின்மூன்றில் ஆரம்பித்து இருபத்துநான்கு வரை போயிருக்கிறான். புதிதாக வந்தவன் அப்படிச் செய்யவில்லை. இடது பக்கம் ஒன்று, எதிரே இரண்டு, மறுபடி இடது பக்கம் மூன்று, எதிரே நான்கு. ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம். வீடு ஒன்றுகூட நகரவில்லை, ஆனால் எல்லோருக்கும் எண் மாறிப்போயிற்று, முதல் வீட்டையும் கடைசி வீட்டையும் தவிர. பழைய ஏழு புதிய பதின்மூன்று ஆயிற்று. பழைய பதின்மூன்று புதிய இரண்டு ஆயிற்று. அதனால்தானே அந்தச் சண்டை. பதின்மூன்றாம் எண்ணுக்கு வந்த மிக்ஸி ஜார் பார்சலை, புதிய பதின்மூன்றில் இருந்த நர்ஸ் பத்மாசனி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள், மாப்பிள்ளை அனுப்பியது என்று நினைத்து. நாலு நாள் கழித்து, பழைய பதின்மூன்றில் இருந்த டெய்லர் சம்பந்தம் கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்து நடுத்தெருவில் நின்று, என் ஜார்ல யாரு சட்னி அரைச்சது என்று கேட்க, பத்மாசனி வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தபடி சொன்னாள்: "அரைச்சது நான். சாப்பிட்டது நாலு பேரு. யாரைப் புடிச்சிட்டுப் போகப் போறீங்க?" அந்தத் தெருவே சிரித்தது, சம்பந்தமும் கடைசியில் சிரித்தார், ஜாரைக் கழுவித்தான் கொடுத்தாள். ஐயோ, இந்த இருட்டு அறையில் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேனே, யாராவது கேட்டால். கேட்கட்டும். மேல் வரிசை இடது பக்கம். கீழ் வரிசை வலது பக்கம். இது தெரு. இது ஒரு தெரு, பன்னிரண்டும் பன்னிரண்டும், நடுவில் நடக்க ஆள் இல்லாத தெரு. பழைய பெட்டியில் எண் போட்டவன் திரும்பி வந்தவன். புதுப்பெட்டியில் எண் போட்டவன்?

பார்க்க வேண்டும். எண்கள் ஓட்டைகளுக்கு மேலே அச்சடித்துத்தான் இருந்தன, முதலிலிருந்தே இருந்தன, பார்க்கத்தான் ஆள் இல்லை. கருப்புத் தகரத்தில் சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி. ஒரு வருஷமாகப் பக்கத்தில் இருப்பது கலங்குகிறது, அரிசியில் கல் பொறுக்க வெயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்பார்கள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவள், நாற்பது பேர் கண்ணைக் காட்ட வந்திருக்கும் கட்டடத்தின் அடியில் உட்கார்ந்து, எண் தெரியாமல் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாள். போனை எடுத்துக் கேமராவைப் பெரிதாக்கினாள். திரையில் எண்கள் மிதந்தன. முதலில் மடியில் இருந்த பழையது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மேல் வரிசை ஓடியது, பன்னிரண்டு. கீழே ஒன்றுக்கு நேர் அடியில் பதின்மூன்று. திரும்பி வந்தவன். இப்போது சட்டத்தில் இருக்கும் புதியது. ஒன்று. அதற்குப் பக்கத்தில்... அதற்குப் பக்கத்தில் இரண்டு இருந்துவிட்டால் என்ன செய்வது, எல்லாம் என் கற்பனையாகப் போய்விட்டால், மாவு மில்லும் டீச்சரும் சட்னியும் எல்லாம் போய், பை மட்டும் மிஞ்சினால். பார்க்காமல் ஒரு மூச்சு இழுத்தாள். பார்த்தாள். பக்கத்தில் மூன்று. அடியில் இரண்டு. அதற்குப் பக்கத்தில் ஐந்து, அடியில் நான்கு. "அட பத்மாசனி" என்று வாய்விட்டுச் சொன்னாள். எல்லா ஓட்டையும் சரியாகத்தான் இருந்தன. யாரும் கெடவில்லை. ஏழாம் எண்ணுக்கு டோக்கன் போர்டுதான் வர வேண்டும் என்று சார் நேற்றுச் சொல்லிக்கொடுத்தது பெட்டிக்கு ஏறித்தான் இருக்கிறது. இவள் டோக்கன் போர்டின் மஞ்சள் கேபிளை ஏழாவது இடத்தில் செருகியிருக்கிறாள், ஏழாவது இடத்தின் எண்ணோ பதின்மூன்று, பதின்மூன்று கதவைத் திறந்து பார்த்துவிட்டு நீ யாரு என்று கேட்டுச் சாத்திக்கொண்டது. பத்மாசனியைவிடக் கறாரான பெட்டி. இவ்வளவு நாளும் மாற்றிய பெட்டிகளெல்லாம் ஒரே கம்பெனியின் பெட்டிகள், படத்தில் இருக்கிறபடியே மாட்டினால் போதும். இந்தத் தடவை அந்தக் கம்பெனியில் இருப்பு இல்லை என்று வேறொன்று வாங்கினார்கள். படம் இடத்தைத்தான் காட்டும், விலாசத்தைக் காட்டாது. அவளுக்கு இது தெரியாதா. ஒன்பது வருஷம் இதுதானே செய்தாள்.

மஞ்சளைப் பிடுங்கி ஏழில் செருகப் போனாள், ஏழில் ஏற்கெனவே ஒரு வெள்ளை உட்கார்ந்திருந்தது. வெள்ளை பழைய நான்கு. அதை நான்குக்கு அனுப்பலாம் என்றால் நான்கில் ஒரு சிவப்பு. ஒருவரை எழுப்பாமல் இன்னொருவரை உட்காரவைக்க முடியாது, தெருவையே காலி செய்ய வேண்டும். இரண்டு ஓரத்தையும் விட்டுவிட்டு இருபத்திரண்டையும் பிடுங்கினாள். கேபிள்கள் மடியில் நூடுல்ஸ் மாதிரி குவிந்தன, இனி படம் ஒன்றுதான் துணை, போனில் சார்ஜ் குறைவு, அணைந்தால் நான் செத்தேன். பழைய தெருவில் இது எத்தனையாவது வீடு என்று படத்தைப் பார்த்து எண்ணு. அந்த எண்ணைப் புதுத் தெருவில் கண்டுபிடி. இரண்டு அடியில். மூன்று மேலே. நான்கு அடியில். விரல் மேலும் கீழுமாகப் போயிற்று, அந்தத் தெருவில் அவள் கால் போன மாதிரியே, இந்த வாசல், குறுக்கே கடந்து அந்த வாசல், சைக்கிளுக்கு ஒதுங்கி மறுபடி இந்த வாசல். ஒவ்வொன்றும் கிளிக் என்று உட்கார்ந்தது. கிளிக் சத்தம் வராவிட்டால் பிடித்துக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள், கையெழுத்து வாங்காமல் பார்சலை விடக் கூடாது. பதின்மூன்றுக்கு இரண்டாவது மாடி டாக்டர் அறை போன். சம்பந்தம், உங்க ஜார் வந்துடுச்சு. பதினான்கு. பதினைந்து. பதினைந்தா, பதினேழா, இந்தச் சாம்பலும் அந்தச் சாம்பலும் ஒன்றுபோல் இருக்கின்றன, படத்தைப் பெரிதாக்கு, கீழ் வரிசையில் மூன்றாவது, ஆக பதினைந்து, சரி. மேலே படிகளில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள், டீ முடிந்துவிட்டது. இருபத்துமூன்று. மடி காலி.

விளக்குகள் இன்னும் ஆரஞ்சுதான். சாத்தினது தானாகத் திறக்காது. ஆமாம். அணைத்துப் போட வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கினால் வாசலும் தண்ணீர் டேங்க்கும்கூடப் போய்விடும், இருக்கிற இரண்டும் போகும், போகட்டும். பிடுங்கினாள். அறை முழுக்க இருட்டு, விசிறிச் சத்தம் இறங்கி இறங்கி ஓய்ந்தது, அப்போதுதான் அவள் தன் மூச்சைக் கேட்டாள். மாதாவே என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை, இது எண் சமாச்சாரம், மாதாவை இழுக்க வேண்டாம். செருகினாள். பெட்டி பெருமூச்சு விட்டு எழுந்தது. எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து எல்லாம் அணைந்தன. எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிஷம் எடுக்கும் என்பார்கள், இந்த மூன்று நிமிஷத்தை யார் எண்ணுவது, எண்ணினால் நீளும். தப்பாக இருந்தால்? ஒன்றே ஒன்று தப்பாக இருந்தால்? அந்த ஒன்று விழித்திரை மிஷினாக இருந்தால்? சாரிடம் சொல்லாமல் செய்துவிட்டேனே, பழையதை மாட்டு என்றாரே, இப்போது பழையதும் இல்லை புதியதும் இல்லை என்று ஆகிவிட்டால் திங்கட்கிழமை பைகூடக் கிடைக்காது, இஸ்மாயில் பாய் காதுக்கு எல்லாம் போகும். பயந்தாள், நிஜமாகவே பயந்தாள், ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று குதித்துக்கொண்டிருந்தது, திருவிழாவில் ராட்டினம் உச்சியில் நிற்கும்போது வயிற்றில் வருமே அது, ஏனென்றால் சரி என்று அவளுக்குத் தெரியும், விளக்குச் சொல்லாவிட்டாலும் தெரியும். முதல் ஓட்டை பச்சை. அது எப்போதும் பச்சை, அது மாவு மில், அதை எண்ணாதே. இரண்டு. இரண்டு பச்சை. மூன்று, அடுத்து எட்டு, அடுத்து எங்கோ கீழே ஒன்று, வரிசையாக வரவில்லை, தெருவில் ஒவ்வொரு வீடாகச் சாயந்தர விளக்குப் போடுவதுபோல் இங்கொன்றும் அங்கொன்றும், ஏழு, ஏழு வந்துவிட்டது, பதின்மூன்று, பத்தொன்பது. பதினைந்து மட்டும் அடம்பிடித்தது. பதினைந்தே, பதினைந்தே, நீ அந்தச் சாம்பலா, தப்புச் சாம்பலா. பச்சை. இருபத்துநான்கும் பச்சை. தூரத்தில், கூடத்தில், டோக்கன் போர்டின் மணி டிங் என்று அடித்தது. ஒரு பெரியவர் குரல், "எரியுது, எரியுது, என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று உரக்கச் சொல்வது கதவைத் தாண்டிக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். ஃபர்ஹானா கதவைத் திறக்கவில்லை, வெளியிலிருந்தே இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

தணிகாசலம் கூப்பிட்டபோது ஜெசிந்தா பழைய பெட்டியைப் புதியது வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பார்சல் கட்டும் பழக்கத்தில் நாலு மூலையையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழையதை மாட்டியாயிற்றா என்று கேட்டார். இல்லை சார், புதுசுதான் ஓடுது, இருபத்துநான்கும் பச்சை என்றாள். எப்படி என்றார். தெரு சார், என்றாள். எந்தத் தெரு என்றார். அவளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, மாவு மில்லிலிருந்தா, மிக்ஸி ஜாரிலிருந்தா, "மேல ஒத்தப்படை, கீழ ரெட்டப்படை சார், பழசுல அப்படி இல்ல" என்று மட்டும் சொன்னாள். துளைபோடும் சத்தம் நின்றிருந்தது. அவர் உச்சுக்கொட்டுவது கேட்டது. "அப்படியே போடுன்னு நான்தானேம்மா சொன்னேன்" என்றார். பிறகு, திங்கட்கிழமை பெரம்பூரில் ஒரு ஸ்கூல், அங்கே இதே மாதிரி மூன்று பெட்டி இருக்கிறது, பத்து மணிக்கு வந்துவிட முடியுமா என்று கேட்டார். பத்தரைக்கு வருகிறேன் சார், காலையில் ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்றாள். வெளியே வரும்போது ரிசப்ஷனில் நின்று, பக்கத்துப் பார்வைக்குக் கண்ணாடி எழுதித் தர எவ்வளவு ஆகும் என்று ஃபர்ஹானாவிடம் கேட்டாள். கேட்டுவிட்டு, வாசல்படி இறங்கினாள். முழங்கால் நறநறவென்றது, அது பாட்டுக்கு.

2024 பிப்ரவரி 5, திங்கட்கிழமை காலை, மரிய ஜெசிந்தா கூரியர் ஆபீசில் பையைத் திருப்பிக் கொடுத்தாள். இஸ்மாயில் பாய் அதை வாங்கி ஆணியில் மாட்டினார்.